இரண்டு ‘வேண்டாம்’களுக்குப் பிறகு

மார்லிஸ் எங்கென் பனியில் வழுக்கித்தான் விழுந்திருப்பாள் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. மார்ச் மாத மினசோட்டாவில் எழுபத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இடுப்பு உடைந்தது என்றால் வேறென்ன நினைப்பார்கள்? ஆனால் அவள் விழுந்தது சொந்த வீட்டுக்குள்ளே, பின்வாசல் அறையில். ஒரு காலில் பூட்ஸ் மாட்டியாகிவிட்டது, இன்னொன்றை ஒற்றைக் காலில் நின்றபடி இழுத்தாள், அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷம் பனிப்புயலிலும் கிராமத்துப் பாதைகளில் தபால் கொண்டுபோனவள் வீட்டுக்குள்ளே, அதுவும் பூட்ஸ் போடும்போது விழுந்தாளே என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெட்கத்தைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. தொலைபேசி அவள் சட்டைப் பையிலேயே இருந்தது. இருந்தும் முக்கால் மணி நேரம் யாரையும் கூப்பிடவில்லை. விழுந்தது பன்னிரண்டு அடிக்கும் நேரம். பக்கத்து வீட்டு ஆர்டெல் சாப்பிட உட்கார்ந்திருப்பாள். சாப்பிடும்போது ஒருத்தரைத் தொந்தரவு செய்வது எப்படி என்று தரையில் கிடந்தபடி யோசித்துக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸில் வந்த இரண்டு பேரிடமும் அவள் முதலில் சொன்னது, “தரை துடைக்கல, மன்னிச்சுக்கோங்க” என்பதுதான். எங்கள் ஆட்களின் லட்சணம் இது. எனக்கே சில சமயம் எரிச்சல் வரும்.

உடைந்தது இடது தொடை எலும்பு, இடுப்புக்குச் சற்றுக் கீழே. எலும்புக்குள் கம்பி செலுத்தித் திருகு போட்டார்கள். மறுநாள் காலை அறுவை டாக்டர் வந்து, “முழு பாரத்தையும் இந்தக் கால்ல போடலாம். போடலாம்னு இல்ல, போட்டே ஆகணும். படுத்தே கிடந்தா கால் மறந்துடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் அவளை எங்கள் ஊர்ப் பராமரிப்பு இல்லத்துக்குக் கொண்டுவந்தார்கள், நடை பழக.

அந்த இல்லத்துக்கு இரண்டு நடைகூடம். முன் நடைகூடத்தில் இருப்பவர்கள் சில வாரம் பழகிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். பின் நடைகூடத்தில் இருப்பவர்கள் போகமாட்டார்கள். யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, தெரியாதவர்களும் இல்லை. மார்லிஸுக்கு முன் நடைகூடத்தில் மூன்று வாரம் கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் வியாழக்கிழமை ஒரு கூட்டம். அதற்குள் நாற்காலியிலிருந்து தானாக எழ வேண்டும், நடைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நூற்றைம்பது அடி நடக்க வேண்டும், வீட்டுப் பின்வாசலில் இருக்கிற மூன்று படிகளை ஏறி இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் பெட்டி பின் நடைகூடத்துக்குப் போகும்.

மார்லிஸுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். அதைத் தவிர வேறு ஆசையே இல்லை. கணவன் டுவேன் கட்டிய வீடு என்பதற்காக அல்ல, டுவேன் கட்டிய அலமாரிக் கதவு எதுவும் ஒழுங்காக மூடாது. காலையில் தன் சமையலறையில், தன் கோப்பையில், யாரும் நேரம் சொல்லாமல் காபி குடிக்க வேண்டும். அதற்காகத்தான்.

காலை ஒன்பது மணிக்கு நர்ஸ் ரோஸன்னா வருவாள். நியூ ஜெர்சிக்காரி. கணவனுக்குக் காற்றாலை வேலை கிடைத்ததால் எங்கள் பக்கம் வந்தவள். கெட்டிக்காரி, நல்ல மனசு, நடையில் புயல்.

“குட் மார்னிங் மார்லிஸ். வலி எப்படி இருக்கு? பத்துக்கு எவ்வளவு?”

“பரவாயில்ல. ரெண்டு இருக்கும்.”

“பத்து மணிக்கு நடைப் பயிற்சி இருக்கே, வலி மாத்திரை தரட்டுமா?”

“வேண்டாம் வேண்டாம். உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்.”

“சரி” என்று சொல்லிவிட்டு ரோஸன்னா அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

மார்லிஸ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்து வளர்ந்த எழுபத்தொன்பது வருஷத்தில் முதல் ‘வேண்டாம்’ என்றதும் யாரும் கிளம்பிப் போனதில்லை. எங்கள் ஊரில் முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம், நான் ஒன்றும் இதற்காக ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்று காட்டுவதற்கு. மூன்றாம் தடவை கேட்கும்போது, “சரி, நீங்க இவ்வளவு சொல்றீங்க, பாதி மட்டும்” என்று வாங்கிக்கொள்வோம். காபிக்கும் அப்படித்தான், கேக்குக்கும் அப்படித்தான், பனியில் சிக்கிய காரை இழுத்துவிட டிராக்டர் கொண்டுவரட்டுமா என்பதற்கும் அப்படித்தான். முதல் தடவையே சரி என்று கையை நீட்டுகிறவனைப் பற்றி லூத்தரன் சர்ச் சமையலறையில் ஒரு மாதம் பேசுவார்கள்.

ரோஸன்னா வளர்ந்த வீட்டில் ஐந்து அண்ணன்மார். அங்கே வேண்டாம் என்று சொன்ன தட்டு அடுத்த நொடி வேறு கைக்குப் போய்விடும். அதனால் அவளுக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நாளைக்குக் கேட்பாள் என்று மார்லிஸ் காத்திருந்தாள். மறுநாளும் ரோஸன்னா கேட்டாள், ஒரே ஒரு தடவை.

பத்து மணிக்கு நடை பழக்குகிறவன் லிபான் வருவான். சோமாலியக் குடும்பம், மினியாபொலிஸில் வளர்ந்தவன், முப்பது வயசு இருக்கும், நிதானமான ஆள். இரண்டு பக்கமும் கம்பி போட்ட பாதையில் அவளை நிறுத்தி, இடுப்பில் ஒரு பட்டையைக் கட்டிப் பின்னால் பிடித்துக்கொள்வான்.

“இடது கால்ல பாரத்தைப் போடுங்க மிஸஸ் எங்கென். அது தாங்கும்.”

போட்டாள். உயிர் போய் உயிர் வந்தது. நெற்றியில் வியர்வை அரும்பி, உதடு வெளுத்துவிட்டது.

“வலிக்குதா?”

“கொஞ்சம் இறுக்கமா இருக்கு.”

“நிறுத்திக்கலாமா?”

“உனக்கு எப்படித் தோணுதோ.”

நாலு அடி. அடுத்த நாள் மூன்று அடி. அதற்கடுத்த நாள் காலைத் தரையில் ஊன்றவே இல்லை, கைகளிலேயே தொங்கிக்கொண்டு போனாள். லிபான் குழம்பிப்போனான். பேச்சுக் கொடுத்துப் பார்த்தான்.

“நீங்க என்ன வேலை பாத்தீங்க?”

“தபால். கிராமத்துப் பாதை. தினம் நூற்றுப் பன்னிரண்டு மைல். சொந்தக் கார். ஸ்டியரிங் இடது பக்கம், ஆனா தபால் பெட்டிங்க எல்லாம் ரோட்டுக்கு வலது பக்கம் இருக்குமில்ல? அதனால வலது பக்க சீட்ல உக்காந்துக்குவேன். இடது கையால ஸ்டியரிங், இடது காலை நீட்டி பிரேக், ஆக்ஸிலரேட்டர்.”

“முப்பத்தொரு வருஷமா? இந்தக் காலாலயா?” லிபான் வாய்விட்டுச் சிரித்தான். “அப்ப இந்தக் காலுக்கு என்கிட்ட மட்டும் என்ன கோபம்?”

மார்லிஸும் சிரித்தாள். காலை மட்டும் ஊன்றவில்லை.

தாளில் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தது. வலி: இரண்டு. மாத்திரை: வேண்டாம் என்கிறார். நடை: முன்னேற்றம் இல்லை. தாளை மட்டும் படித்தால், வலியும் இல்லாமல் முயற்சியும் செய்யாத பெண்மணி என்றுதான் யாருக்கும் தோன்றும். இரண்டாம் வாரம் ஒருத்தர் வந்து இன்றைக்கு என்ன தேதி, ஒரு கடிகாரம் வரைந்து காட்டுங்கள் என்றார். ஞாபகம் தப்பிவிட்டதோ என்று சோதிக்கிறார்கள் என்பது அவளுக்கு உடனே விளங்கியது. நொடி முள்ளையும் சேர்த்து வரைந்து கொடுத்தாள். உள்ளுக்குள் கொதித்தாள், நன்றி சொல்லி அனுப்பினாள்.

சனிக்கிழமை மகன் கர்ட்டிஸ் வந்தான். ஃபார்கோவில் டிராக்டர் உதிரிபாகம் விற்கிற வேலை, ஒன்றரை மணி நேரப் பயணம். ஐம்பத்து மூன்று வயசு, விவாகரத்தாகித் தனியாக இருக்கிறான். தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“இங்க நல்லாப் பாத்துக்கறாங்க இல்லம்மா?”

“ரொம்ப நல்லாப் பாத்துக்கறாங்க.”

“கால் இன்னும் சரியா வரலையாமே.”

“வரும்போது வரும்.”

“வீட்ல அந்தப் படி வேற இருக்கு.” தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். “வேணும்னா இங்கேயே இருந்துக்கலாம்ல? வீட்டை விலைக்குப் பாக்க யாரையாவது வரச் சொல்லட்டுமா? உனக்கு எப்படித் தோணுது?”

“உனக்கு எது வசதியோ அப்படிச் செய் கர்ட்டிஸ்.”

கர்ட்டிஸ் ஜன்னல் பக்கம் திரும்பினான். “மண்ணு இன்னும் ஈரமா இருக்கு. இந்த வருஷம் விதைக்க லேட்டாகும்.”

“ஆமா, லேட்டாகும்.”

அவன் கார் கிளம்பிய சத்தம் தேய்ந்து போகும்வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மார்லிஸ் போர்வையை முகத்தில் இழுத்துக்கொண்டு அழுதாள். பக்கத்து அறைக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அதையும் வாயை மூடிக்கொண்டு அழுதாள். வீடு போகப்போகிறது. தானே வாயால் கொடுத்துவிட்டோம் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. திருப்பி வாங்குவது எப்படி என்பதுதான் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆர்டெல் ஒரு தகர டப்பா நிறைய எலுமிச்சை பார், புளிப்பும் இனிப்புமான கேக் துண்டுகள், கொண்டுவந்தாள். தரையில் உட்கார்ந்து நடைச் சட்டத்தின் கால்களை உயரம் சரிசெய்துகொண்டிருந்தான் லிபான்.

“எடுத்துக்கோ மார்லிஸ். காலைலதான் சுட்டேன்.”

“வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டேன்.”

“சின்னச் சின்னதாத்தான் வெட்டியிருக்கேன்.”

“மத்தவங்களுக்கு வை ஆர்டெல்.”

“நீ எடுக்கலைன்னா இதை நான் திரும்ப வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணும். இந்தக் காத்துல.”

“சரி, நீ இவ்வளவு சொல்றே. பாதி மட்டும் குடு.”

பாதி என்று வாங்கி இரண்டரை சாப்பிட்டாள். ஆர்டெல் டப்பாவை லிபானிடம் நீட்டினாள். அவன் “தாங்க்ஸ்” என்று முதல் தடவையே ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டான். ஆர்டெலின் புருவம் லேசாக உயர்ந்தது. ஆனால் லிபான் மெல்வதை நிறுத்திவிட்டு மார்லிஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மிஸஸ் எங்கென், இது உங்களுக்கு முதல்லயே வேணும்தானே?”

“பின்னே?” என்றாள் ஆர்டெல் குறுக்கிட்டு. “எலுமிச்சை பாருக்கு உசிரை விடுவா இவ.”

“அப்ப மாத்திரை?”

மார்லிஸ் மடியிலிருந்த காகிதத் துண்டை நாலாக மடித்தாள்.

“எந்த மாத்திரை?” என்றாள் ஆர்டெல்.

“வலி மாத்திரை. தினம் ரோஸன்னா கேப்பாங்க, இவங்க வேண்டாம்பாங்க. ரோஸன்னா எத்தனை தடவை கேப்பாங்க மிஸஸ் எங்கென்?”

“ஒரு தடவை” என்றாள் மார்லிஸ், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவள்போல.

ஆர்டெல் டப்பாவை மேஜைமேல் வைத்தாள். “ஒரு தடவையா? ஒரே தடவையா? எத்தனை நாளா இது நடக்குது?”

“வந்ததுலேருந்து. பன்னிரண்டு நாள்.”

“எலும்புக்குள்ள கம்பியை வச்சுக்கிட்டு பன்னிரண்டு நாளா மாத்திரை இல்லாம நின்னியா? உனக்கென்ன பைத்தியமா?”

“அவளுக்கும் ஆயிரம் வேலை இருக்குமில்ல ஆர்டெல்.”

“ஆயிரத்துல ஒண்ணு உனக்கு மாத்திரை குடுக்கறதுதான்! கீழ விழுந்தப்போ நான் சாப்பிடறேன்னு கூப்பிடாம கிடந்தவதானே நீ? உன்னை என்ன சொல்றது?” ஆர்டெலுக்குக் கோபத்தில் கண் கலங்கிவிட்டது.

லிபான் தலையில் அடித்துக்கொண்டான். “என்னைச் சொல்லணும். எங்கம்மாகிட்ட வேண்டாம்னு சொன்னா தட்டுல இன்னும் ரெண்டு கரண்டி விழும். அந்த வீட்ல வளந்துட்டு, நீங்க ரெண்டுன்னு சொன்னதை நம்பினேன் பாருங்க.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரோஸன்னா வந்து, வழக்கமில்லாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“லிபான் சொன்னான். டாக்டர்கிட்ட பேசிட்டேன். இனிமே பயிற்சிக்கு முன்னால தினம் மாத்திரை உண்டு, வேணுமான்னு கேக்கவே மாட்டேன். ஆனா ஒண்ணு, எவ்வளவு வலின்னு நீங்கதான் சொல்லணும். உங்க ஊரு நம்பர் எனக்கு வேண்டாம். நிஜ நம்பர்.”

“மூணு.”

ரோஸன்னா எழுதவில்லை. பேனாவை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“நாலு... இப்ப, படுத்திருக்கும்போது.”

“நிக்கும்போது?”

மார்லிஸ் மேற்கூரையைப் பார்த்தாள். பிரசவ வலியில்கூட, பனியில் அறுபது மைல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, டுவேனிடம் பரவாயில்லை என்று சொன்னவள் அவள்.

“எட்டு” என்றாள். யாருடைய சொத்தையோ எடுத்துக்கொண்டவள் போலச் சுற்றும் முற்றும் பார்த்தாள். ரோஸன்னா எட்டு என்று எழுதினாள். பிறகு, “உங்ககிட்ட ரெண்டாவது தடவை கேட்டிருக்கணும். என் தப்பு” என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றைக்குப் பத்து மணிக்கு இடது கால் தரையைத் தொட்டது. பாரம் ஏறியது. வலித்தது, ஆனால் தாங்குகிற வலி. பதினோரு அடி நடந்தாள். அடுத்த நாள் இருபத்தாறு. வெள்ளிக்கிழமை தலை சுற்றி, காலும் வீங்கி, ஒன்பதே அடியில் உட்கார்ந்துவிட்டாள். அன்று முழுக்க எரிந்து விழுந்தாள், அதுவும் வாய்விட்டு. ரோஸன்னாவுக்கு அதில் அத்தனை சந்தோஷம். லிபான் படி ஏறக் கற்றுக்கொடுத்தான்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது உடைந்த கால் முதலில். ஒரு தடவை மாற்றி வைத்துவிட்டாள். அவன் பட்டையைப் பிடித்திருந்ததால் தப்பித்தாள். புதன்கிழமை சாயங்காலம் நூற்றுப் பத்து அடி. மூன்று படி, கைப்பிடியோடு, பக்கத்தில் ஆள் இருந்தால்.

நூற்றைம்பது ஆகவில்லை. தனியாகப் படி ஏறவும் முடியவில்லை. அன்றிரவு அவள் சரியாகத் தூங்கவில்லை.

வியாழக்கிழமை கூட்டம் ஒரு சின்ன அறையில். தாள்களோடு ஒரு அலுவலர் அம்மாள், ரோஸன்னா, லிபான், தொப்பியோடு கர்ட்டிஸ். லிபான் கணக்கைச் சொல்லிவிட்டு, “முதல் பன்னிரண்டு நாள் வீணாப் போச்சு, அது இவங்க தப்பு மட்டும் இல்ல. கடைசி எட்டு நாளைப் பாருங்க. கால் கத்துக்குது” என்றான்.

அலுவலர் தாளைப் புரட்டினார். “ரெண்டு வழி இருக்கு. முதல் கொஞ்ச நாள் வீட்ல கூட ஒரு ஆள் இருக்கணும், நாங்க வாரத்துக்கு மூணு தடவை வீட்டுக்கே வந்து பயிற்சி குடுப்போம். இல்லன்னா பின்பக்கம் ஒரு ரூம் காலியாகுது.”

“அம்மாவுக்கு இங்கேயே இருந்தாலும் பரவாயில்லைன்னு...” என்று கர்ட்டிஸ் தரையைப் பார்த்துச் சொன்னான்.

“அவங்களையே கேப்போமே. மார்லிஸ், உங்களுக்கு என்ன வேணும்?”

எல்லாருக்கும் எது வசதியோ அது என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அலுவலர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்தது. சொன்னால் அப்படியே எழுதிக்கொள்வார், இரண்டாவது தடவை கேட்கமாட்டார்.

“வீட்டுக்குப் போகணும்” என்றாள் மார்லிஸ்.

கர்ட்டிஸ் நிமிர்ந்தான். “நிஜமாவாம்மா? எனக்காகச் சொல்லாதே.”

“உனக்காகச் சொல்லல. எனக்கு வேணும், அதான் சொல்றேன். முதல் நாள்லேருந்தே வேணும். அந்த வீட்டை யாருக்கும் காட்டாதே.”

“அப்ப ஏன் அன்னிக்கு எனக்கு வசதியா செய்னு சொன்னே?”

“நீதானே ஆளை வரச் சொல்லட்டுமான்னு கேட்டே?”

“நீ கூடாதுன்னு சொல்லுவேன்னு நினைச்சுத்தாம்மா கேட்டேன்!” அவன் குரல் அறைக்குப் பெரிதாக இருந்தது. ஐம்பத்து மூன்று வருஷத்தில் அம்மாவிடம் அவன் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. “அந்த வாரம் முழுக்க நான் தூங்கல. உனக்கு இங்க பிடிச்சுப்போச்சு, வீட்டுக்கு வான்னு கூப்பிட்டா உனக்குத் தொந்தரவுன்னு...” தொப்பியைப் பிசைந்தான்.

அம்மாவும் மகனும் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நின்றே வீட்டைத் தொலைக்க இருந்தார்கள். மார்லிஸுக்கு இடுப்பைவிட நெஞ்சு வலித்தது.

“எனக்கு லீவு நிறைய மிச்சம் இருக்கு” என்றான் கர்ட்டிஸ். “ஒரு மாசம் வந்து உன்னோட இருக்கட்டுமா?”

“வேண்—” என்று தொடங்கிவிட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். ரோஸன்னா மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வா” என்றாள் மார்லிஸ். “எப்ப வர்றே?”

கர்ட்டிஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். கழுத்து சிவந்துபோயிருந்தது. “சனிக்கிழமை மழை வரும்னு சொல்றாங்க” என்றான் உடைந்த குரலில். “தெற்கே நல்லாக் கறுத்துக்கிட்டு வருதாம்.”

“மழையைப் பத்தி யாருடா கேட்டா?” என்றாள் மார்லிஸ். “எப்ப வர்றேன்னு கேட்டேன்.”